வெள்ளச்சிக்குப் போன தவிடு

ஐப்பசி 3, செவ்வாய்

விடியற்காலையில் நல்ல மழை. வாடைக்காற்று. கூரை மூலையில் ஒழுகல். கீழே பானை வைத்தேன்.

கால் வீக்கம் முழங்கால் வரை ஏறிவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறது. அது நிரம்புவதற்குள் எத்தனை எண்ணலாம் என்று பார்த்தேன்: நாற்பது. வீட்டிலிருந்து கோட்டை வாசலுக்குப் போக நான்கு இடத்தில் நிற்கவேண்டியிருந்தது. மழைக்கு ஒதுங்குகிறவன்போல நின்றேன். யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை.

தினமும் இரண்டையும் குறித்துவைக்க வேண்டும். சுருக்கமாக: குழி 40, நிற்றல் 4.

புரட்டாசியில் சேவகர் கொட்டடியில் இரண்டு பேர் இதே வீக்கத்தில் போய்விட்டார்கள். காலில் தொடங்கி நெஞ்சுக்கு ஏறி, மூச்சு முட்டி. அடுத்தது நானா? எழுதினால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

கோட்டையில் தெரிந்தால் வேலை போகும். படியேற முடியாத துபாசி எதற்கு? ஒல்லாந்துக்காரன் சொல்வதைத் தமிழில் சொல்லி, தமிழன் சொல்வதை அவன் பாஷையில் சொல்லி, நாள் முழுதும் வாய் ஓயாத வேலை. அதில் என் பேச்சு என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் அதுவும் போனால் இந்த வீட்டில் பல்லியோடுதான் பேசவேண்டும்.

வாங்கவேண்டியது: மை, விளக்கெண்ணெய், ஊறுகாய்.

ஐப்பசி 4, புதன்

மழை இல்லை. புழுக்கம். குழி 40. நிற்றல் 4.

காலையில் எல்லம்மா. குப்பத்துக்காரி, ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவியே இறாலும் நண்டும் பிடிக்கிறவள். ஏரிக்குப் போகுமுன் எனக்கு நெல் குத்திக் கொடுப்பாள். மூன்று தரம் தீட்டச் சொல்வேன். கும்பினி உத்தியோகஸ்தன் வீட்டுச் சோறு மல்லிகைப் பூவாக இருக்கவேண்டாமா! சிவப்பரிசி தின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? கூலியாக அவள் கேட்பது தவிடும், முதல்நாள் வடித்த கஞ்சியும்தான். ஆட்டுக்கு.

அந்த ஆட்டுக்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்ததே நான்தான். மூன்று வருஷமாகிறது. பார்த்ததில்லை. தினமும் விசாரிப்பது மட்டும் தவறாது.

"வெள்ளச்சி எப்படி இருக்கா?"

"அத ஏன் கேக்குறீங்க ஐயா! நேத்து நைனாவோட வலைய துன்ன ஆரம்பிச்சிட்ச்சு. இழுத்துக் கட்டிப் போட்டேன். வுடாம கத்திக்கினே கீது."

சிரித்துவிட்டேன். நாளைக்கு ஒருமுறை நான் சிரிப்பது இப்போதுதான்.

போகும்போது திரும்பி, "இன்னா ஐயா, மொகம் ஊதிக்கீது?" என்றாள். தூக்கம் சரியில்லை என்றேன்.

ஐப்பசி 6, வெள்ளி

தூறல். குழி 42. நிற்றல் 4.

சென்ற ஒரு வாரம் என்ன சாப்பிட்டேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். சோறு, ஊறுகாய். சோறு, மோர். சோறு, ஊறுகாய். சோறு, அப்பளம். சோறு, மோர். அதற்குமேல் எழுத வெட்கமாக இருக்கிறது.

என் மனைவி தெய்வானை இருந்தவரை இதே வெள்ளைச் சோறுதான். ஆனால் பக்கத்தில் முருங்கைக்கீரை இருக்கும், பயறு இருக்கும், நெத்திலிக் குழம்பு இருக்கும். அவள் போன பிறகு, தனியாளுக்கு என்ன குழம்பு, ஒருவனுக்காக அம்மியில் அரைப்பதா என்று விட்டுவிட்டேன். மகள் நாகப்பட்டினத்தில். போன வாரம் அங்கிருந்து கப்பல் வந்தது. கடிதம் இல்லை.

ஐப்பசி 9, திங்கள்

கோட்டை வைத்தியசாலையில் இன்று முழுதும். வைத்திய துரை கேட்பது எல்லோரிடமும் அதே மூன்று கேள்வி: எத்தனை நாளாக வீக்கம், தூக்கம் உண்டா, சிறுநீர் போகிறதா. பிறகு அதே தீர்ப்பு: ஏரிக்காற்று கெட்ட காற்று.

அந்தக் காற்றுதான் காரணம் என்றால் எல்லம்மா அல்லவா முதலில் விழுந்திருக்கவேண்டும்? நாள் முழுதும் அந்தக் காற்றில், அந்தத் தண்ணீரில் நிற்கிறவள். அவள் காலில் ஒரு வீக்கமும் இல்லை. இது இத்தனை நாள் ஏன் எனக்குத் தோன்றவில்லை?

முனியப்பன் என்ற சேவகனைக் கொண்டுவந்தார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான். துரையின் மூன்று கேள்விகளோடு நானாக ஒன்றைச் சேர்த்துவிட்டேன்.

"என்ன அரிசிப்பா சாப்பிடுறே?"

"இன்னா ஐயா இப்டி கேட்டுட்ட! கும்பினி அரிசிதான். வெள்ளைவெளேர்னு கீது. எங்க ஊட்ல ஒரு பொட்டு செவப்பு பாக்க முடியாது." பெருமையாகத்தான் சொன்னான், மூச்சு வாங்கிக்கொண்டே.

துரை என்னைப் பார்த்தார். அவன் இவ்வளவு பேசினான், நீ இரண்டு வார்த்தையில் முடிக்கிறாயே என்றார். வீட்டைப் பற்றிச் சொல்கிறான் என்று சமாளித்தேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நானாகக் கேட்ட முதல் கேள்வி.

ஐப்பசி 11, புதன்

குழி 48. நிற்றல் 5.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று இரண்டு நாளாக எல்லோரையும் கேட்கிறேன். காதில் விழுகிறவர்களுக்கு, இவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று தோன்றும். தோன்றட்டும்.

வீங்கியவர்கள் ஏழு பேர் (என்னைச் சேர்த்து). ஆறு பேர் பச்சரிசி, நன்றாகத் தீட்டியது, கஞ்சி வடித்தது. தொட்டுக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை.

வீங்காதவர்கள்: மரைக்காயர் தோணி ஆட்கள், புழுங்கலரிசி. மூட்டை தூக்குகிறவர்கள், கேவுருக்கூழ். குப்பத்தார் என்ன தின்கிறார்கள் என்று தெரியவில்லை. எல்லம்மாவைக் கேட்கவேண்டும்.

ஏழாவது ஆள் படகுத் தச்சன். அவன் தின்பது சிவப்பரிசி, ஆனாலும் வீக்கம். சாராயமும் நிறைய. என் கணக்குக்குத் தோதாக இல்லை என்று அவனைப் பட்டியலிலிருந்து அடித்துவிடக் கூடாது. அவனையும் எழுதிவைத்தேன்.

ஐப்பசி 13, வெள்ளி

முனியப்பன் போய்விட்டான்.

குழி 55. நிற்றல் 6. படியேறும்போது நெஞ்சு படபடப்பு. வாயைத் திறந்து சொல்ல ஒருவரும் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்: பயமாக இருக்கிறது.

வெள்ளை அரிசிக்கும் சிவப்பரிசிக்கும் வித்தியாசம் தவிடுதான். நாம் கழிப்பதில் ஏதோ இருக்கிறது. அதைத் தின்று பார்க்கப் போகிறேன். வெள்ளச்சி கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஐப்பசி 14, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி.

குத்தி முடித்துத் தவிட்டை முறத்தில் வாரினாள். "இன்னிக்குத் தவிடு வேண்டாம் எல்லம்மா, எனக்கு வேணும்" என்றேன்.

"ஆடு இன்னா துன்னும் ஐயா?"

"பத்து நாள் புல் தின்னட்டும். மழைக்கு எங்கே பார்த்தாலும் முளைச்சிருக்கே."

முறத்தைக் கீழே வைக்காமல் நின்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆடு இல்லீங்க ஐயா" என்றாள்.

"செத்துப்போச்சா?"

"எப்பவுமே இல்லீங்க. நாங்கதான் துன்றோம். தவிட்ட சலிச்சி அடை தட்டுவேன். கஞ்சில நண்டு போட்டுக் காச்சுவேன். நைனா, நானு, என் ரெண்டு பொண்ணுங்க."

"வலையைத் தின்னுச்சுன்னு சொன்னியே! போன வருஷம் குட்டி போட்டுச்சுன்னு சொன்னியே!"

"நீங்க கேட்டுக்கினே இருந்தீங்க. சொன்னா சிரிச்சீங்க."

எனக்கு வந்த கோபம்! மூன்று வருஷமாக என்னை முட்டாளாக்கினாயா என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். கத்தி முடித்ததும் மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்தேன்.

பிறகு, தவிட்டுக்குப் பதில் அரிசியாகவே வாங்கிக்கொண்டு போ என்றேன்.

"ஆட்டுக்குன்னு வாங்கிக்கினேன். எனக்குன்னு எப்டி ஐயா வாங்குவேன்?" என்று சொல்லிவிட்டு வெறும் கையோடு போய்விட்டாள்.

ஐப்பசி 15, ஞாயிறு

அவள் வரவில்லை.

மரைக்காயர் கடையில் ஒரே தரம் குத்திய சிவப்பரிசி, கேவுரு, பச்சைப்பயறு. தவிட்டில் அடை தட்டினேன். கருகிவிட்டது. கருகாத பக்கம் வைக்கோல் ருசி. பயறு வேகவைத்து மென்று விழுங்கினேன். சோறு வடிக்கவில்லை, கஞ்சியோடு அப்படியே இறக்கினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

நேற்று கத்தியதை நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை. நான்கு உயிர்கள் நான் கழித்ததைத் தின்று நன்றாக நடமாடுகின்றன. கழிக்காமல் வைத்துக்கொண்டதைத் தின்றவன் நான், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஐப்பசி 20, வெள்ளி

மூன்று நாள் அடைமழை. ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் உடைத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். குழி 30. நிற்றல் 3. குறைகிறது! இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டேன்.

எனக்காக:
ஒரு தரத்துக்கு மேல் தீட்டக்கூடாது.
அரிசியை இரண்டு தண்ணீருக்கு மேல் கழுவக்கூடாது. கஞ்சியைக் கொட்டக்கூடாது.
தினம் ஒரு பயறு. வாசல் முருங்கை சும்மாதானே நிற்கிறது, பறி.
நெத்திலி, முட்டை, கிடைக்கும்போது.
ஊறுகாயைத் தொடு, ஊறுகாயே சாப்பாடு ஆகாது.
ஒருவனுக்குத்தானே என்று சொல்லக்கூடாது. (இது கஷ்டம்.)

ஐப்பசி 27, வெள்ளி

குழி 12. நிற்றல் 1, அதுவும் சகதிக்காக.

வைத்திய துரையிடம் என் சொந்த வாயால், அவர் பாஷையில், பட்டியலைச் சொன்னேன். காலையும் காட்டினேன். பார்த்தார். காற்று மாறிவிட்டது, அதனால்தான் என்றார்.

சேவகர் கொட்டடிக்கு நானே போய், தவிட்டைத் தின்று பார்க்கச் சொன்னேன். "மாட்டுத் தீனியா ஐயா?" என்று சிரித்தார்கள். இரண்டு பேர் மட்டும் பின்னாலேயே வந்து, அடை எப்படித் தட்டுவது என்று மெதுவாகக் கேட்டார்கள். கருகாமல் தட்டும் வித்தை எனக்கே தெரியாது என்றேன்.

கார்த்திகை 1, செவ்வாய்

வெயில். குழி விழவில்லை. நிற்றல் இல்லை. படிகளை ஒரே மூச்சில் ஏறினேன்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்வது? காலையில் உரல் சத்தம் இல்லை. இரண்டு வாரமாக ஒரு சிரிப்பும் இல்லை. இல்லாத ஆடு இன்று என்ன செய்தது என்று தெரியாமல் எனக்குப் பொழுதே போகவில்லை. ஒரு பெண்பிள்ளை, என் சோற்றில் கழித்ததற்குப் பதிலாகத் தினம் ஒரு கதை கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவளைப் போய்த் திட்டினேனே, சீ!

ஏரித் தண்ணீர் மழைக்குப் பிறகு மாறிவிட்டதாம், இறால் பிடிபடுவது குறைச்சலாம். கடையில் பேசிக்கொண்டார்கள். அங்கே நான்கு வாய்.

கார்த்திகை 6, ஞாயிறு

லேசான மேகம். குப்பத்துக்கு நடந்து போனேன். கோட்டை வாசலுக்குப் போவதைப்போல ஐந்து மடங்கு தூரம். நிற்றல் 2. தோளில் மூட்டை: சிவப்பரிசி, பயறு, ஒரு படி தவிடு.

கடைசிக் குடிசை. வாசலில் அவள் தகப்பனார், அந்த நைனா, வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் இரண்டும் நண்டு கழுவிக்கொண்டிருந்தன. எல்லம்மா வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா ஐயா! நடந்தா வந்தீங்க?"

குனிந்து, கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திக் காட்டினேன். குழி இல்லை. அவளும் குனிந்து பார்த்தாள்.

மூட்டையை இறக்கினேன். வழியெல்லாம் கோத்துவைத்திருந்த மன்னிப்பு வாயில் வரவில்லை.

"வெள்ளச்சிக்கு" என்றேன்.

கிழவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். சின்னப் பெண் ஏதோ கேட்க வாயெடுத்தது. பெரியவள் அதன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

எல்லம்மா மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மேயப் போய்க்கீது ஐயா" என்றாள். "வர்ற நேரந்தான். குந்துங்க. அடை தட்டுறேன், ஒரு வாய் துன்னுட்டு அத்தப் பாத்துட்டுப் போவலாம்."

குந்தினேன்.