ஆவியாகிப் போன கப்பல்

மெரிலேண்ட்ஸ், சிட்னி
14.8.1975

அன்பின் இரஞ்சிதம்,

நீரும் பிள்ளைகளும் சுகம் என்று கடிதம் பார்த்து ஆறுதல். சின்னவளின் இருமல் விட்டதா? குளிரைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் ஹரிசன் என்பவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தேன். பிரிட்டிஷ் கடற்படையில் சமையற்காரராக இருந்தவர். 1952இல் ஆங்கிலேயர் தங்கள் முதல் அணுகுண்டை இந்நாட்டின் மேற்குக் கரைத் தீவுகளில் வெடித்தபோது, அவர் வேலை செய்த கப்பலுக்குள் வைத்துத்தான் வெடித்தார்களாம். ஆட்களை வேறு கப்பலில் ஏற்றி, முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார்களாம். திரும்பிப் பார்த்தால் கப்பலைக் காணோம்.

"குசினியைக் கழுவித் துடைச்சுப்போட்டுத்தான் இறங்கினனான்," என்றார்.

படத்தில் வலது நுரையீரலில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. அதையே பார்த்தபடி, "இது என்ர கப்பலோ?" என்று கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"டொக்டரிட்டைக் கேளுங்கோ," என்றேன்.

"கேட்டனான். தனக்குத் தெரியாதாம்."

எனக்கும் தெரியவில்லை, இரஞ்சிதம். ஆம் என்பதா, இல்லை என்பதா? பதினொரு வருட வேலையில் இப்படி யாரும் கேட்டதில்லை. நான் ஈயக் கவசம் போட்டுத்தான் நிற்கிறேன், நீர் யோசிக்காதையும்.

மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பும். சின்னவளைக் கொண்டு என் பெயரைத் தமிழில் எழுதுவித்து அனுப்பும். இங்கே யாருக்கும் அது வாயில் வருவதில்லை. உமது அண்ணா பௌதிகம் படிப்பிக்கிறவர்தானே, ஆவியாகிப் போன இரும்பு பிறகு எங்கே போய் இறங்கும் என்று அவரிடம் கேட்டு எழுதும். பஸ் வருகிறது, முடிக்கிறேன். ஹரிசன் அடுத்த புதன் மறுபடி வருவார். அதற்குள் பதில் வந்து சேராது. ஆனாலும் கேட்டு எழுதும்.

உமது,
வரதராஜா