பாலூட்டுப் பெட்டியின் மகள்கள்

செவ்வாய்க் கோள், வடக்கு ஆட்டுக்கூடம். காலை 6.10

இந்த ஆடுகளுக்கு அநியாயம் நடந்திருக்கிறது. பிறந்த அன்றே தாயிடமிருந்து பிரித்து, மருந்துத் தண்ணீரில் கழுவி, இரும்புப் பாலூட்டுப் பெட்டியில் வளர்த்தார்கள். நோய் வராதாம். வேண்டாம் என்றேன். படிக்காதவன் பேச்சு என்று விட்டுவிட்டார்கள். தாய் ஆடுகளை வேறு குடியிருப்புக்கு அனுப்பியாயிற்று. அந்தக் குட்டிகள் கொம்பி, செவலை, மயிலை மூன்றும் வளர்ந்து இப்போது நிறைசினை. தீனி தின்றன. காற்று, வெப்பம் சரி. பதிவு செய்வது ஆட்டுப் பொறுப்பாளன் இருளாண்டி.

மாலை 4.30

புழுதிப் புயல். சூரியத் தகடுகளைப் புழுதி மூடிவிட்டது. நிர்வாகி தங்கபுஷ்பம் தலைமைக் கூடத்திலிருந்து பேசினார்.

"பெரியவரே, பாதை அடைஞ்சு போச்சு. யாரும் வர முடியாது. கரண்ட மிச்சம் பிடிங்க."

"பெட்டி ஓடாதேம்மா. குட்டிக்குப் பால்?"

"அதான் தாய் இருக்குல்ல? ஆட்டுக்குச் சொல்லியா குடுக்கணும்?"

"தாயக் கண்ணுலயே காட்டல. அது யாரப் பாத்துப் படிக்கும்?"

"ஆரம்பிச்சிட்டீங்களா! அடுத்து மனுசப் பிள்ளைக்கே பெரிய பெட்டி வரப்போவுது. வரைபடம் என் மேசையில இருக்கு. அப்ப என்ன சொல்லுவீங்க?"

பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

மறுநாள், பகல்

இரவே மின்சாரம் தீர்ந்து வெப்பமூட்டியும் பெட்டியும் நின்றுவிட்டன. கொம்பியும் செவலையும் ஈன்றன. தங்கள் குட்டிகளைக் கண்டே இரண்டும் மிரண்டு ஓடின. ஈரத்தை நக்கவில்லை. செவலை தன் குட்டியை மிதித்துக் கொன்றது. கொம்பியின் சீம்பாலைக் கறந்து அதன் குட்டிக்கு விரலால் ஊட்டினேன். கம்பளியில் சுற்றினேன். வயிற்றில் பாலோடு குளிரில் விறைத்துப்போனது. அணைத்துப் படுக்க ஓர் உடம்பு வேண்டும் அதற்கு.

ஆடுகள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மாலை

மயிலை ஈன்றது. பெட்டைக் குட்டி. எங்கள் வீட்டில், ஆடு குட்டியை ஏற்காவிட்டால் முதுகில் உப்பைத் தடவுவோம். நக்க நக்க ஒட்டிக்கொள்ளும். என் சாப்பாட்டு உப்பு முழுவதையும் தடவினேன். மயிலை நக்கியது. உப்பு தீர்ந்ததும் குட்டியை முட்டித் தள்ளியது.

பிறகு நின்றுபோன பெட்டியிடம் போனது. அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு மெல்லக் கத்தியது. குட்டி தாயைத் தேடும் குரல் அது.

என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே போகவும் வழி இல்லை.

நேரம் தெரியவில்லை

மயிலையைப் பெட்டியின் மேல் சாய்ந்து படுக்க விட்டேன். குட்டியை மடியருகே நுழைத்தேன். பெட்டி முதுகில் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது உதைக்கவில்லை. குட்டி குடிக்கிறது. மயிலை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் வெப்ப உடுப்பைக் கழற்றி இரண்டின் மேலும் போர்த்திவிட்டேன். விரல் மடங்கவில்லை. குட்டி சூடாக இருக்கிறது.

கடைசி

கதவைத் திறப்பவர்: முதலில் மயிலைக்குத் தண்ணீர் வை. என்னை அப்புறம் பார்க்கலாம்.

எனக்குப் பின் ஆட்டுக்கூடத்துக்கு வருபவர்: குட்டியைக் கழுவாதே. பிரிக்காதே. மயிலை பார்க்காவிட்டாலும் பக்கத்திலேயே விடு. அந்தக் குட்டியும் ஒருநாள் ஈனும்.

பழுது பார்ப்பவர்: பெட்டியை ஓட்ட வேண்டாம். அதை இடம் மாற்றவும் வேண்டாம். மயிலைக்கு அதுதான் அம்மா.

தங்கபுஷ்பம் அம்மா: மேசையில் இருக்கும் அந்த வரைபடத்தை வேறு யாரிடமும் கொடுக்காமல், நீங்களே, உங்கள் கையால்