கணக்குப் பேப்பர், இரண்டாம் தடவை

ஜனவரி 12, திங்கள்

காலையில் பனி. துறைமுகத்தில் சங்கு கேட்டது, கப்பல் தெரியவில்லை. மெட்ரிகுலேஷன் விண்ணப்பம் மறுபடி பூர்த்தி செய்தேன். போனது கணக்கில் மட்டும். ஆனாலும் எல்லாப் பாடமும் மறுபடி எழுத வேண்டும். விதி அப்படி.

பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போகும் வழியில், காசிமேட்டு மீன் அங்காடிக்கு அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். நான் வந்து நிற்பது தெரியாமல் ஒருத்தி கேட்டாள்: "ஒன் பொண்ணு பெயிலாமே?"

அம்மா செதில் சீவுவதை நிறுத்தவில்லை. "ஆமா. யூனிவர்சிட்டி பரீச்சைல பெயிலு. ஒன் வூட்ல அந்த வாசப்படி வரிக்கும் போனவங்க யார்னா கீறாங்களா?"

எட்டு மாதமாக நான் மூடி மறைப்பது. அவள் அதை மெடல் மாதிரி குத்திக்கொண்டு திரிகிறாள்.

ஜனவரி 20, செவ்வாய்

தலைமை ஆசிரியையிடம் மார்ச்சில் ஒரு வாரம் லீவு கேட்டேன். நான் எடுப்பது இரண்டாம் வகுப்பு, நாற்பத்தொரு பிள்ளைகள்.

"போன வருஷமும் விட்டேன். என்ன ஆச்சு? பரீட்சையா வேலையா, ரெண்டில் ஒண்ணு சொல்லும்மா."

நாளை சொல்கிறேன் என்றேன். வழியெல்லாம் கோபம். வீட்டில் அம்மாவிடம் கேட்டேன்.

"நீ இன்னா நெனைக்கிற?"

"எழுதணும்."

"அப்பறம் என்னாண்ட எதுக்கு கேட்டுகினு கீற?"

ஜனவரி 21, புதன்

ராஜிநாமா கொடுத்தேன். நான்கு வரி. பிழை இல்லை. பிள்ளைகளைப் பார்க்காமல் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றேன், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும்.

நைனா வலை பிரித்தபடி கேட்டார்: "கொயந்தைங்க அய்துச்சுங்களா?" வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 11, புதன்

இப்போது தினமும் காலை அங்காடி. அம்மா விற்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணில் குச்சியால் ஜியாமெட்ரி.

பாக்கி:
அல்ஜீப்ரா, கடைசி இரண்டு அத்தியாயம்
இங்கிலாந்து ராஜாக்கள் வரிசை (மறுபடி மறந்தது)
மண்ணெண்ணெய்
மூக்குத்தித் திருகாணி. தேடணும்

பக்கத்துக் கூடை ரோசக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி கோலம் இது? புள்ளியே காணோம்."

முக்கோணத்தின் மூன்று மூலையும் சேர்ந்தால் ஒரே நேர்க்கோடு என்றேன். நம்பவில்லை. காகிதத்தில் முக்கோணம் கிழித்து, மூலைகளைப் பிய்த்துச் சேர்த்து வைத்தேன். இன்னொன்று கேட்டாள், நல்ல கோணலாக. அதுவும் சேர்ந்தது.

"அட," என்றாள். அப்புறம் துண்டுகளைத் தானே கலைத்து, மறுபடி சேர்த்துப் பார்த்தாள்.

போன வருஷம் இதை மனப்பாடம் செய்திருந்தேன். புரிந்தது இன்றைக்குத்தான்.

மார்ச் 9, திங்கள்

கணக்குப் பேப்பர். டிராமில் சேப்பாக்கம் வரை, அம்மாவும் கூட. போன வருஷம் அவளை வர வேண்டாம் என்றேன். காரணத்தை இங்கே எழுதக்கூட வெட்கம். மீன் வாசனை. அவளுக்குத் தெரியும். கேட்டதில்லை. இந்த வருஷம் நானே கூப்பிட்டேன். கல்யாணப் புடவை கட்டிக்கொண்டாள்.

டிராமில் என் காதருகே: "வாசன வருதாடி?"

"வருது. வரட்டும்."

யூனிவர்சிட்டி வாசலில் மூன்று பெண்கள், இங்கிலீஷில் பேச்சு. ஒருத்தி அம்மாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்கம்மா. காசிமேட்டுல மீன் விக்கிறாங்க" என்றேன்.

அம்மா அவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "அல்லாரும் நல்லா எய்துங்கமா."

ஒன்பது கணக்கில் எட்டு போட்டேன். ஒன்று பாதியில் நின்றது. வெளியே வந்தபோது அம்மா வெயிலில் விட்ட இடத்திலேயே நின்றிருந்தாள்.

மே 22, வெள்ளி

அனல். பேப்பரில் ரிசல்ட். என் நம்பர் இருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன். இருக்கிறது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "எங்க, காட்டு." காட்டினேன். நம்பர் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கூடையோடு போய்விட்டாள்.

காலேஜில் இடம் கேட்டுக் கடிதம் எழுதி முடித்தேன். நல்ல கையெழுத்தில், இரண்டாவது பிரதி.

மத்தியானம் அம்மா திரும்பினாள். கூடையில் வஞ்சிரம் வைத்தது வைத்தபடி. ஒன்றும் விற்கவில்லையா என்றேன்.

"எங்க விக்கிறது? சொல்லிகினே நேரம் பூட்ச்சு."