எட்டாவது வள்ளம்

லா ஷப்பல், பாரிஸ்
10.11.1985

அன்பு மகன் லூசியனுக்கு அப்பா எழுதுவது. மடுமாதாவின் தயவில் நானும் அம்மாவும் சுகம், உன் உயிருக்கும் உடம்புக்கும் ஒன்றும் வராமல் இருக்க அவளையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, அம்மாவுக்குக் கைவிரல் விறைக்கிறது, என் பப்பியேயை, அதுதான் இங்கே இருக்கும் அனுமதிக் காகிதத்தை, இன்னும் மூன்று மாதத்துக்குத்தான் நீட்டித் தந்திருக்கிறார்கள். அதெல்லாம் பெரிய விஷயமில்லை. தபாலில் போடப் பயந்து, இந்தியா போகும் நீக்கிலாஸின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், நீ இராமேஸ்வரத்தில் வந்து இறங்கும்போது தருவான். வாசித்ததும் கிழித்துவிடு.

உன் கடிதத்தை அம்மா ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். பேசாலையிலிருந்து அகதிச் சனத்தை அக்கரைக்கு ஏற்றும் எட்டு வள்ளங்களுக்கும் உன்னைப் பொறுப்பாக விட்டிருக்கிறார்கள், நேவியின் கண்ணில் படாமல் ஏழு வள்ளத்தைக் கரைசேர்த்தாய், சனம் உன்னைத் தோளில் தூக்கியது என்று. என்ரை பிள்ளை கெட்டிக்காரன் எண்டு எனக்கு அப்பவே தெரியும் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். காற்று எழும்பியது, பத்திநாதர் ஓட்டிய எட்டாவது வள்ளம் வந்து சேரவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் வேகமாக வாசித்துவிட்டுப் போனாள். எனக்கு அந்த வரிதான் கேட்டது.

என்னோடு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவும் வாமதேவன் பேராதனையில் கிரேக்கச் சரித்திரம் படித்தவன். உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லத்தான் தொடங்கினேன், அவன் ஏதென்ஸ் என்ற பட்டினத்தின் கதையை எடுத்துவிட்டான். கடலில் அவர்களை வெல்ல ஆளில்லையாம். ஒருமுறை எட்டுத் தளபதிகள் போய் ஸ்பார்ட்டாக்காரரின் கப்பல்களை அடித்து நொறுக்கினார்களாம். ஆனால் தங்கள் பக்கத்தில் உடைந்த கப்பல்களைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்களை எடுக்கவில்லை. எடுக்கும்படி கப்டன்மார் இரண்டு பேருக்குச் சொல்லியிருந்தார்கள், அவர்களை மாட்டிவிட மனமில்லாமல், புயல் அடித்தது என்று மட்டும் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். கடைசியில் அந்த இரண்டு பேருமே எழும்பி நின்று தளபதிகள்மேல் குற்றம் சொன்னார்களாம். செத்தவர்களின் சொந்தக்காரர் மொட்டைத் தலையோடு கறுப்பு உடுத்து வந்து நின்றார்களாம். ஊர் கூடி, தனித்தனியாக விசாரிக்காமல், கையில் கிடைத்த ஆறு தளபதிகளுக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு வைத்துக் கொன்றுவிட்டது. மற்ற இரண்டு தளபதிகள் ஊர்ப்பக்கமே வரவில்லை. பிறகு ஊர் அழுததாம், அழுது என்ன.

வெண்டு குடுத்தவனைச் சாகடிச்ச மடையர் எண்டு சொல்லி வாமதேவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேசாலையில் ஒருவன் கடலோடு போனால் உடல் கிடைக்கும்வரை ஒருவரும் வள்ளம் இறக்குவதில்லை, உனக்குத் தெரியாததா. வள்ளங்கள் வைத்துச் சம்மாட்டியாக இருந்த காலத்தில் நான் இரண்டு முறை கடலோடு போனவனின் வீட்டு வாசலில் செருப்பில்லாமல் போய் நின்றவன். ஏசினார்கள், ஒருமுறை அடித்தார்கள், நின்றேன். அதனால்தான் அவர்கள் பிறகும் என் வள்ளத்தில் ஏறினார்கள். நீயோ மறுநாளே ஏழு வள்ளத்தையும் திரும்ப இறக்கினேன் என்று எழுதியிருக்கிறாய்.

திரும்பிப் போய்த் தேடினாயா மகனே? யாரை அனுப்பினாய், அவர்கள் போனார்களா, அல்லது போனதாகச் சொன்னார்களா? உன்னைப் பொறுப்பாக விட்ட, துவக்கு வைத்திருக்கிற இயக்கத்துக்காரர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு முன்னால், பத்திநாதரின் மனைவி அற்புதராணியின் வாசலில் நீயாகப் போய் நில். தேடியிருந்தால் தேடினேன் என்று சொல், விட்டுவிட்டு வந்திருந்தால் அதையும் சொல். காற்று என்று மட்டும் சொல்லாதே.

வியாழக்கிழமை கோயிலுக்குப் போய் அந்த வள்ளத்தில் இருந்தவர்களுக்கு இறந்தோர் பூசை கேட்டேன். ஃபாதர் பெயர்களைக் கேட்டார். பத்திநாதர் என்றேன். மற்றவர்களின் பெயரை நீ எழுதவில்லை. வேறு யார் என்று அவர் திரும்பக் கேட்க, லூசியன் என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதியும் விட்டார். பிறகுதான் உறைத்தது, பதறிப்போய் வெட்டச் சொன்னேன். அம்மாவுக்கு இது தெரியாது.

உன் நெற்றியில் நானும் அம்மாவும் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். கழுத்துச் செபமாலையைக் கழற்றாதே. மறக்காமல் மற்றவர்களின் பெயர்களை எழுதி அனுப்பு, ஃபாதரின் கொப்பியில் உன் பெயர் வெட்டிக் கிடக்கிறது, அதற்குக் கீழே இடம் விட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் வரவை நம்பியிருக்கும் அப்பா,
செ. மடுத்தீன்