கால்வாசித் திருகு

நேற்று மத்தியானம் நம் மோட்டார் சைக்கிளின் வலது கைப்பிடியைக் கழற்றினேன். வண்டியை இரும்புக்கடையில் போட்டுவிடலாம் என்று மகன் ஆறு மாதமாக நச்சரிக்கிறான். போட்டுக்கொள், கைப்பிடி மட்டும் எனக்கு வேண்டும் என்றேன். கிழவனுக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று நினைத்திருப்பான். திருகாணிகளை எடுத்ததும் உள்ளே இருந்த உருளை கையோடு வந்தது. அதைச் சுற்றி நீ ஒட்டவைத்த பித்தளைப் பட்டை, ஈயப் பற்று விட்டுப்போய், தனியாக என் மடியில் விழுந்தது. அதை எடுத்துப் பார்த்ததிலிருந்து உன்னிடம் பேச வேண்டும் போலிருக்கிறது. நீ போய் மூன்று வருடம் ஆகிறது. நீ உயிரோடு இருந்தபோதும் நான் ஒன்றும் பெரிதாகப் பேசிவிடவில்லை.

அறுபதுகளின் கடைசி. பாளையம்பட்டியில் அண்ணனும் நானும் மிளகாய் வத்தல், மல்லி வியாபாரம் செய்துகொண்டிருந்தோம். அவர் கடையைப் பார்த்தார். பரளச்சி, பந்தல்குடி, திருச்சுழிப் பக்கமெல்லாம் வண்டியில் சுற்றிக் கொள்முதல் செய்வது என் பாடு. ஓர் ஐப்பசி மாதம் மூட்டை வண்டியிலிருந்து விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. சோறு அள்ளலாம், பேனா பிடிக்கலாம், முறுக்கத்தான் முடியாது. ஆக்சிலேட்டரைக் கால்வாசி திருகுவதற்குள் கை நின்றுவிடும். வண்டி மாட்டுவண்டிக்குப் பின்னால் போகும்.

“நீ கல்லாவுல உக்காருப்பா. ஊருகளுக்குப் போக வேற ஆளப் பாப்பம்” என்றார் அண்ணன். அன்பாகத்தான் சொன்னார், அதனால்தான் எனக்கு ஆத்திரமாக வந்தது. முப்பத்திரண்டு வயதில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்களே என்று இரண்டு நாள் உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ என்ன செய்வாய், பாவம்.

மூன்றாம் நாள், “அந்தப் பிடிக்குள்ள என்னங்க இருக்கு?” என்று கேட்டாய். கழற்றிக் காட்டினேன். கையைத் திருகினால் உருளை சுழலும், உருளை கம்பியை இழுக்கும், இழுத்த அளவுக்கு இன்ஜின் வேகம் எடுக்கும். நீ அருப்புக்கோட்டையில் தறி ஓடிய வீட்டில் பிறந்தவள், சிறுவயதிலிருந்தே ராட்டையில் நூல் சுற்றியவள். உருளையை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தாய்.

“ஒல்லியா இருக்குங்க. நூல்கண்டு பருத்துட்டா ஒரு சுத்துக்கு நூலு கூட இழுக்கும்ல? இதையும் பருக்க வச்சுட்டா உங்க கை திரும்புற அளவே போதும்.”

எட்டு வருடமாக அந்த வண்டியை ஓட்டியவன் நான். எனக்குத் தோன்றவில்லை.

பிறந்த வீட்டிலிருந்து நூல் வாங்கி வந்தாய். கம்பியின் குண்டுமுனை உட்காரும் பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டு, உருளைமேல் இறுக்கிச் சுற்றி, தறியில் பாவு நூலுக்குப் போடுவதுபோலக் கஞ்சி போட்டு வெயிலில் காயவைத்தாய். மேலே ஒரு சுற்று, மறுபடி கஞ்சி. கைப்பிடியின் மூடிக்குள் இனி ஓர் இழையும் போகாது என்ற அளவில் நிறுத்தினாய். மாட்டி, கால்வாசி திருகினேன். வண்டி பாய்ந்த பாய்ச்சலில் எதிரே வந்த பால்காரர் சைக்கிளோடு வேலியில் சாய்ந்தார். மாசியும் பங்குனியும் ஒரு ஊர் விடாமல் சுற்றினேன்.

சித்திரையில் உன்னைப் பின்னால் உட்காரவைத்துப் பரளச்சியில் ஒரு காதுகுத்துக்குப் போய்த் திரும்பினோம். நம் பக்கத்தில் மழை பெய்யும் என்று யார் நினைத்தார்கள்? அப்படி ஒரு கோடை மழை. கஞ்சி இளகி, நூல் ஊறிப் பருத்து, மூடிக்குள் அடைத்துக்கொண்டது. திருகின பிடி திரும்பி வரவில்லை. வண்டி கதறிக்கொண்டு ஓடுகிறது, நான் மரமாக உட்கார்ந்திருக்கிறேன். “சாவிய அணைங்க!” என்று நீ என் முதுகில் குத்தியபிறகுதான் எனக்குக் கை வந்தது. கரிசல் சேற்றில் இருவரும் கிடந்தோம். உன் முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அதைப் பார்க்காமல், “கஞ்சி தண்ணி பட்டா இளகும்னு எனக்குத் தெரியாதா? நானே உங்களக் கொல்லப் பாத்தேனே” என்று அழுதாய்.

அண்ணன் ஒரே வார்த்தை சொன்னார்: “போதும்ப்பா.” மறுவாரமே வண்டியை விற்க ஆள் பார்த்தார்.

அதற்குள் நீ தெருவில் ஈயம் பூச வந்தவரைப் பிடித்து, உருளையில் பித்தளைப் பட்டை சுற்றிப் பற்று வைத்துவிட்டாய். “பழைய தகடுங்க, கெடந்துச்சு” என்றாய். ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, திருகித் திருகி அண்ணனுக்குக் காட்டினாய். அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார். அதற்குப்பின் இருபது வருடத்துக்குமேல் நான் அந்த வண்டியில்தான் போய்வந்தேன். நாம் தனிக்கடை வைத்ததும் பிள்ளைகள் படித்ததும் அதில்தான்.

அதே நாளில்தான் உன் அம்மா சீராகத் தந்த பித்தளைச் செம்பு கிணற்றில் விழுந்துவிட்டது என்றாய். “ஒரு செம்பக் கையில ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா?” என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். பக்கத்து வீட்டில் பாதாளக்கரண்டி வாங்கி, இந்தக் கோணல் கையோடு அரைநாள் கிணற்றைத் துழாவினேன். “விடுங்க, போனது போகட்டும்” என்று கிணற்றடியிலேயே நின்றாய்.

பட்டையை நேற்று விரித்துப் பார்த்தேன். உள்பக்கம் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருக்கிறது. உன் அம்மாவின் பெயர் பாதி, உன் பெயர் முழுதாக. ஈயம் பூசுகிறவரிடம் தகடு இருந்திருக்காது. அவர் அடுத்த தெருவுக்குப் போவதற்குள் கைக்கு அகப்பட்ட அந்தச் செம்பையே வெட்டக் கொடுத்திருக்கிறாய். எழுத்து எனக்குத் தெரியாமல் உள்ளே மடக்கச் சொன்னதும் நீயாகத்தான் இருக்கும். திட்டு வாங்கியும் வாய் திறக்கவில்லை.

நேற்று நன்றாக அழுதேன். உனக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். வண்டி இரும்புக்கடைக்குப் போகட்டும். பட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது, இனி அங்கேதான் இருக்கும். உன் அம்மாவை அங்கே பார்த்தால் சொல்லிவிடு: செம்பு கிணற்றில் விழவில்லை, அத்தனை வருடமும் மாப்பிள்ளை கைக்குள்தான் இருந்தது.