போகிறவன் எதிர்ப்பக்கம்

ஜூலை 27, ஞாயிறு

ராயகிரி அணியை 2–1 ஜெயித்தோம். இன்னும் இரண்டு மேட்ச். இரண்டிலும் தோற்காமல் இருந்தால் போதும், மாவட்ட லீக்கில் முதல் டிவிஷன். பன்னிரண்டு வருஷமாக இரண்டாம் டிவிஷனிலேயே கிடக்கிற கிளப் இது.

சாயங்காலம் வீடியோ பார்த்தேன். கிரவுண்ட் ஓரத்தில் நான் நட்ட இருபதடி இரும்புக் குழாய், உச்சியில் என் பழைய போன். மொத்த கிரவுண்டும் தெரிகிறது, இடது மூலையைத் தவிர. அங்கே எப்போதும் கோச்சின் வழுக்கைத் தலை. கார்னர் கொடியே தெரிவதில்லை. ரெண்டடி தள்ளி நில்லுங்க கோச் என்று எத்தனை தடவை சொல்வது?

"ஊர்ல எவனும் என் தலைய போட்டோ எடுக்க மாட்டேங்கான். நீயாவது எடுல" என்கிறார்.

இன்றைக்கும் அதே பாட்டு: "மாரி, நீ ஒரு அடி முந்துத. பொறுத்து நில்லு." நான் ஸ்டாப்பர். பந்து வந்தால் போய் எடுக்க வேண்டும். நின்று வேடிக்கை பார்க்கவா டிஃபென்ஸில் போட்டிருக்கிறார்?

ஜூலை 30, புதன்

கோச் ஹாஃப் டைமில் பேசியதை வெட்டி ஆறு நிமிஷ வீடியோவாக்கி யூடியூபில் போட்டேன். ஜாஸ்பர் என்ற பள்ளிக்கூட பி.டி. வாத்தியார் எங்களுக்கு என்ன செய்கிறார் என்று நாலு பேருக்குத் தெரியட்டும். ஐந்து வருஷமாகச் சம்பளம் இல்லாமல் வருகிற மனுஷன்.

ஆகஸ்ட் 6, புதன்

கோயில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த வண்டியெல்லாம் எங்கள் கிரவுண்டில்தான் நிற்கிறது. பயிற்சி இல்லை. வீடியோவை ஒன்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கடையநல்லூருடன் 1–1. எங்கள் கோலைப் போட்டது முகம்மது ஆரிப். அவனே கடையநல்லூர்க்காரன். "இன்னைக்கு வீட்டுல சோறு கெடையாதுண்ணே" என்று சிரித்தான். இனி ஒரே மேட்ச், செப்டம்பர் 14. டிரா செய்தாலே போதும்.

கோச் இன்றைக்கு என்னைத் திட்டவே இல்லை. உடம்பு சரியில்லையோ?

ஆகஸ்ட் 20, புதன்

கோச்சின் வீட்டுக்காரம்மா ஹெலன் அக்கா ஓடாத மிக்சியோடு கடைக்கு வந்தார்கள். நாங்கள் விசைத்தறி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள். தெரிந்தவர்களுக்கு மிக்சியும் பார்ப்போம். ஜாரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புதுசு வாங்கிரலாமேக்கா" என்றேன்.

"மெட்ராஸ்ல போய் வாங்கிக்கிடலாம்னுதான் அவியளும் சொல்லுதாவ. நான்தான், மாரி சரி பண்ணிருவான், தூக்கிட்டே போயிருவோம்னேன்."

மெட்ராஸா?

அக்கா என் முகத்தைப் பார்த்தார்கள். "ஒங்கிட்ட சொல்லலையா தம்பி? ஒன் வீடியோவைப் பாத்துதான கூப்பிட்டாவ..."

மிக்சி மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. மாற்றிக் கொடுத்தேன். பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

கிரவுண்டில் கேட்டேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"எப்ப போறீங்க?"

"ஒண்ணாந்தேதி சேரணும். பெரிய கிளப்புல. பத்தொம்பது வயசுக்குள்ள உள்ள டீமுக்கு நான்தான் கோச்."

"பதினாலாந்தேதி மேட்ச் இருக்கு."

"தெரியும்ல."

"ரெண்டு வாரம் கழிச்சு வாரேன்னு கேட்டீங்களா?"

அவர் கீழே கிடந்த பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா கோச்?"

"கேக்கல."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு. வேற ஆள எடுத்துட்டாம்னா? எனக்கு முப்பத்தாறு முடியுது மாரி. இதுக்கு மேல எவன் கூப்பிடுவான்?"

ஒரு மேட்ச். ஒரே ஒரு மேட்ச். போனைப் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? மாட்டேன்னு அவன் சொன்ன பிறகு போயிருந்தா நானே ஸ்டேஷனுக்குப் பெட்டி தூக்கிட்டு வந்திருப்பேன். கேக்கவே இல்லையே! ஐந்து வருஷத்துக்கு அவ்வளவுதானா மதிப்பு?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அந்தக் குழாயை நான் நட்டிருக்கவே கூடாது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. துபாய் போனாலும் சரி, ரயில்வேயில் வேலை கிடைத்துப் போனாலும் சரி, போகிறவன் கடைசி மேட்சை எதிர்ப்பக்கம் ஆட வேண்டும். கொண்டுவந்ததே கோச்தான். "ஒருக்க எதிரியாப் பாத்துட்டா அப்புறம் போறது வலிக்காது" என்பார்.

காலையில் ராயகிரிப் பையன்கள் பிரண்ட்லி மேட்சுக்கு வேனில் வந்தார்கள். அவர்களுக்குக் கோச், எங்கள் கோச்.

நான் குழாயைக் கட்டவில்லை. கடையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

0–4 தோற்றோம். மூன்று கோல் என் முதுகுக்குப் பின்னால். என் பக்கமாகவே பந்தைப் போடச் சொல்லிக் கோச் கத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது கோலுக்கு ராயகிரிக்காரன்கள் என்னைக் காட்டிச் சிரித்தார்கள்.

மேட்ச் முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன்: "போறதுதான் போறீங்க. என்னைய அசிங்கப்படுத்திட்டுத்தான் போணுமா?"

அவர் குழாய் இருக்க வேண்டிய இடத்தையே பார்த்தார். "கேமரா எங்கல?"

"கட்டல."

"இன்னைக்குமா கட்டல?"

"எதிர்ப்பக்கத்துக்காரனுக்கு எதுக்குக் கேமரா?"

ஆரிப் என் கையைப் பிடித்து இழுத்தான். கோச் விசிலைக் கழற்றிப் பந்துகள் கிடந்த வலைப்பைக்குள் போட்டுவிட்டு நடந்தார்.

சாயங்காலம் ரயில். எல்லோரும் போனார்கள். நான் போகவில்லை. "ஒங்களத்தாண்ணே ரெண்டு தடவ கேட்டாரு" என்றான் ஆரிப். கேட்கட்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

0–1.

எழுபத்தொன்றாவது நிமிஷம். எதிரணியின் பத்தாம் நம்பர் பந்தை வாங்கி நின்றான். நான் முந்தினேன். என் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டான். பின்னால் ஒருத்தனும் இல்லை. கோல்.

ஓடித் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. இதே கோலை முன்னமே வாங்கியிருக்கிறேன். ஆகஸ்ட் 31. ஒன்றல்ல, மூன்று.

அசிங்கப்படுத்த இல்லை. காட்டினார். வாயால் சொன்னால் நான் கேட்க மாட்டேன். வீடியோவில் பார்த்தால்தான் நம்புவேன். எண்ணி, நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். அந்தாளுக்குத் தெரியும். அதான் கேட்டிருக்காரு, கேமரா எங்கலன்னு. ரெண்டு வாரம் இருந்துச்சு. உக்காந்து பாத்திருந்தா... கட்டல. நான்தான் கட்டல. பன்னிரண்டு வருஷத்த என் கையால கெடுத்தேன்.

அவரும் போகாமல் இருந்திருக்கலாம். அதுவும்தான். இரண்டும்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

கடையில் மூன்று மோட்டார். மூன்றையும் ஓடவிட்டாயிற்று. அம்மா கேட்டதற்குத் தோற்றுவிட்டோம் என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கோச் போன். எடுக்கவில்லை. என்ன சொல்வது? சரியாத்தான் சொன்னீங்கன்னா? எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்கன்னா?

அக்டோபர் 19, ஞாயிறு

பயிற்சிக்கு ஏழு பேர். புதுக் கோச் யாரும் கிடைக்கவில்லை. மழை வேறு.

டிசம்பர் 13, சனி

ஆரிப் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்தான். "என்னலே?" என்றேன்.

"கோச் கூப்பிடுதாருண்ணே. அவரு டீமுக்கு."

"கேக்க வந்தியா, சொல்ல வந்தியா?"

"சொல்லிட்டுப் போக வந்தேண்ணே. நீங்க போகாதீங்கன்னா..."

"போலே" என்றேன். "ஆனா அடுத்த ஞாயித்துக்கெழம இருந்துட்டுத்தான் போணும். எதிர்ப்பக்கம் ஆடணும்ல."

டிசம்பர் 21, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே போய்க் குழாயை நட்டேன். அது பழைய குழியிலேயே இறங்கியது. போனையும் அதே கோணத்தில் கட்டினேன்.

பதினேழாவது நிமிஷம் ஆரிப் பந்தோடு என் எதிரே வந்து நின்றான். கால் முந்தத் துடித்தது. நின்றேன். அவனும் நின்றான். "வாங்கண்ணே, வாங்க. என்ன, பயமா?" என்று பந்தை உருட்டிக் காட்டினான். நான் அசையவில்லை. கடைசியில் அவனே பந்தைப் பின்னால் தட்டிவிட்டு, "யாருண்ணே ஒங்களுக்குச் சொல்லித் தந்தது?" என்றான். கேட்ட பிறகுதான் அவனுக்கே விளங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினான்.

0–0.

மத்தியானம் அந்த ஒரு நிமிஷத்தை வெட்டி ஜாஸ்பர் கோச்சுக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. மூன்று மணிக்குப் பார்த்திருக்கிறார். ஒரு கட்டைவிரல் அனுப்பியிருந்தார். அவ்வளவுதான். வேலை இருக்கும்.

முழு மேட்சையும் போட்டுப் பார்த்தேன். முதன்முறையாக இடது மூலை சுத்தமாக இருக்கிறது. கார்னர் கொடி அடிமுதல் நுனிவரை தெரிகிறது.