எதிர்த்துப் பேச ஓர் ஆள்

சான்டா கிளாரா,
ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நன்றாகவே இருக்கிறேன்.

ஆபீஸில் மதியம் என்னோடு சாப்பிடும் ஹென்ரிக் டென்மார்க்காரர், உங்கள் வயது. அவருக்கு எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் உண்டு. டிரைவர் இல்லாத கார் இடித்தால் யாரை ஜெயிலில் போடுவது என்பார். ஓட்டுப் போடாதவன் புலம்பவே கூடாதாம். நான் தயிர்சாதத்தைப் பார்த்தபடி தலையாட்டுவேன். விசாவில் இருப்பவளுக்கு எதற்கு வம்பு என்று அப்படியே பழகிவிட்டது.

வியாழக்கிழமை அவர், "எங்க ஊர்ல நிறைய பேர் தனியாத்தான் இருக்காங்க. அதுதான் சுதந்திரம். அதுல ஒரு கஷ்டமும் இல்ல" என்றார்.

"அது தப்பு" என்றேன். இங்கே வந்த இரண்டு வருஷத்தில் அவரை மறுத்துப் பேசியது இதுதான் முதல் தடவை. உடனே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயப்படாதீர்கள், ஊறுகாய்க் காரம் என்று சமாளித்துவிட்டேன்.

அவர் தன் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "எங்க தப்புன்னு சொல்லு. இன்னிக்கு நீ பேசு, நான் கேக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மீட்டிங்கையும் மறந்து பேசினேன். காலையில் பேப்பரை வைத்துக்கொண்டு நாம் இருவரும் போட்ட சண்டைகளையெல்லாம் சொன்னேன்.

அப்பா, ஓர் உதவி. போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள். எலெக்‌ஷன் பற்றி ஏதாவது சொல்லுங்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் விடாதீர்கள்.

டிரையரில் துணி கிடக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள்
வான்மதி